அடையாறு முகத்துவாரத்தில் மாசி, பங்குனிப் பறவை நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து அடையாறு கடலில் சேரும் இடம் வரை நடந்துபோய்ப் பறவை பார்க்கிறோம். நாலைந்து பேர் சேர்ந்து தொடங்கியது. சங்கம், சந்தா, டி-ஷர்ட் எதுவும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்கப் பொறுமையில்லை என்றால் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வடிவது பற்றிய பதிலை மட்டுமாவது படித்துவிட்டு வாருங்கள்.

சென்னையில் வசந்தகாலம் என்று ஒன்று உண்டா என்ன?

நமக்கு இல்லை. மாசியும் பங்குனியும் பழைய கணக்கில் பின்பனிக்காலம், சித்திரை பிறந்தால்தான் இளவேனில். சென்னைக்காரர்களைக் கேட்டால் இரண்டையும் விட்டுவிட்டு "வெயில் ஆரம்பிச்சிடுச்சு" என்பார்கள். ஆனால் ஆற்றுவாயில் நிற்கும் பறவைகளுக்கு இது வசந்தம்தான். அவற்றின் ஊர் சைபீரியாவிலோ திபெத்தியப் பீடபூமியிலோ இருக்கிறது. அங்கே பனி உருகும் நேரத்துக்குப் போய்ச்சேர வேண்டுமென்று இங்கேயே மூட்டை கட்டத் தொடங்கிவிடும். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை நாங்கள் நடப்பது அதைப் பார்க்கத்தான். காலையில் தியோசாபிகல் சொசைட்டி மரங்களுக்குள்ளிருந்து குயில் விடாமல் கூவ ஆரம்பித்துவிட்டால் சரியான மாதத்தில் வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

டிசம்பர், ஜனவரியில்தானே பறவைகள் அதிகம்? அப்போது வராமல் இப்போது ஏன்?

எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரியில் வாருங்கள், மறுக்கவில்லை. ஆனால் அப்போது கரையில் நிற்பதெல்லாம் சாம்பல், பழுப்பு, வெள்ளை. புதியவர்களுக்கு இருபது இனமும் ஒரே இனம் மாதிரித் தெரியும். மாசிக் கடைசியில் அவை சிறகு மாற்றத் தொடங்கும், பங்குனியில் அது நன்றாகவே தெரியும்.

பழுப்புத்தலைக் கடற்காகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே பழுப்புத்தலை இருக்கிறது. ஆனால் டிசம்பரில் அதன் தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு மைப்பொட்டு மட்டும் இருக்கும். "இதுக்கு ஏன் இந்தப் பேரு?" என்று கேட்காத ஆளில்லை. மார்ச்சில் வந்து பாருங்கள், ஒவ்வொன்றாகச் சாக்லெட் நிற முக்காடு போட்டுக்கொண்டு நிற்கும். பாதி முளைத்த முக்காடு, முக்கால் முளைத்தது, முழுதும் முளைத்தது என்று ஒரே கூட்டத்தில் எல்லா நிலையும் இருக்கும். மணல் உப்புக்கொத்திக்கு மார்பில் செங்கல் நிறப் பட்டையும் கண்ணில் கருப்பு முகமூடியும் வரும். மீசை ஆலாவுக்கு வயிறு கருத்து, கன்னத்தில் வெள்ளைக் கோடு எடுப்பாகும், அப்போதுதான் அது மீசை என்றே தெரியும். பசிபிக் பொன்னிற உப்புக்கொத்திக்கு வயிற்றில் மைக்கறை பட்ட மாதிரித் திட்டுத் திட்டாகக் கருப்பு ஏறும். வளைமூக்கு உள்ளான் செம்மண்ணில் புரண்டு வந்தது போல ஆகிவிடும்.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது, அது நிறத்தில் தெரியாது. பறவைகள் கொழுக்கின்றன. வழிச்செலவுக்கான கொழுப்பை இங்கேதான், இந்தச் சேற்றில் புழு தின்றுதான் சேர்க்க வேண்டும். இருபது, முப்பது கிராம் எடையுள்ள கொசு உள்ளான் இங்கிருந்து கிளம்பி ஆர்க்டிக் தூந்திரம் வரை போகிறது. அந்தப் பயணத்தின் கட்டுச்சோறு அடையாற்றில் கட்டப்படுகிறது.

எத்தனை மணிக்கு வர வேண்டும்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. புதியவர்களுக்கு எரிச்சல் வருவதும் இங்கேதான். "காலை ஆறரை" என்று நான் சொல்லிவிடலாம். ஆனால் கரைப்பறவைகள் கடிகாரம் பார்ப்பதில்லை, ஓதம் பார்க்கின்றன. நீர் வற்றும்போது சேறு வெளியே தெரியும், சேறு தெரிந்தால் சாப்பாடு. நீர் ஏறிவிட்டால் சாப்பாடு கிடையாது, மணல் திட்டில் ஒற்றைக்காலில் நின்று தூக்கம். இரவா பகலா என்பது அவற்றுக்கு இரண்டாம்பட்சம்.

நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் அது ஆறு மணி நேரத்துக்குக் கிட்ட வந்துவிடுகிறது. ஆகவே இந்த ஞாயிறு ஏழு மணிக்கு வற்றம் என்றால் அடுத்த ஞாயிறு அதே ஏழு மணிக்கு ஏறக்குறைய ஏற்றம். அதற்கடுத்த ஞாயிறு திரும்பவும் வற்றம். "போன வாரம் அவ்வளவு இருந்துச்சு, இந்த வாரம் ஒண்ணுகூட இல்லையே, எல்லாம் ஊருக்குப் போயிடுச்சா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பறவைகள் எங்கேயும் போகவில்லை. அவற்றின் சாப்பாட்டு நேரத்துக்கு நீங்கள் வரவில்லை, அவ்வளவுதான்.

சென்னையில் ஓதத்தின் உயரம் பெரிதல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் ஒரு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அதில் பாதிகூட இருக்காது, நீர் ஏறினதும் தெரியாது, வடிந்ததும் தெரியாது. நல்ல காரியத்துக்கு அஷ்டமி ஆகாது என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு மற்ற காரியங்களைப் பற்றித் தெரியாது, சேற்றில் உள்ளான் பார்க்க நிச்சயமாக ஆகாது.

எங்களுக்குப் பிடித்த நேரம் நீர் வடியத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம். திட்டில் ஒண்டிக்கொண்டிருந்த கூட்டம் புதிதாகத் தெரியும் சேற்று விளிம்பில் ஒவ்வொன்றாக இறங்கும். நீர் பின்வாங்கப் பின்வாங்கப் பறவைகளும் கூடவே போகும். முழு வற்றம் வந்துவிட்டால் எல்லாம் தூரத்தில் சிதறிப் புள்ளியாகிவிடும். நீர் ஏறும்போதும் நன்றாகத்தான் இருக்கும், அப்போது அவை உங்களை நோக்கித் தள்ளப்பட்டு வரும்.

முதல் வருடம் இது எதுவும் தெரியாமல் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு முழு ஏற்றத்தில் போய் நின்றேன். பரந்த தண்ணீர், ஒரு நீர்க்காகம், நாலு காக்கா. ஒரு பெரியவர் மட்டும் "பரவாயில்ல தம்பி, காத்து நல்லா இருக்கு" என்றார். அன்றிலிருந்து ஓத அட்டவணையைப் பார்க்காமல் நாள் குறிப்பதில்லை.

சரி, இத்தனைக்கும் வெயில் ஒரு எல்லை வைக்கிறது. பிப்ரவரியில் ஆறரையை ஒட்டியும் மார்ச் நடுவில் ஆறேகாலுக்கும் சூரியன் வரும். ஒன்பதரை தாண்டினால் மணலிலிருந்து அனல் எழும்பி, தொலைவில் நிற்கும் பறவை தண்ணீருக்கடியில் இருப்பது போல நெளியும். ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் நீர் வடிகிற ஞாயிறாகப் பார்த்துத்தான் நடையை வைக்கிறோம். அதனால்தான் எல்லா ஞாயிறும் நடை இருப்பதில்லை.

முகத்துவாரம் அடைத்துக்கொள்ளும் என்கிறார்களே?

அடைத்துக்கொள்ளும். ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி 42 கிலோமீட்டர் போல ஓடிவரும் ஆறு இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேகமாக வந்து மணலைத் தள்ளி வாயை அகலத் திறந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வேகத்தைச் சொல்லத் தேவையில்லை. மழை நின்று நீர் குறைந்ததும் கடலின் முறை வருகிறது. இந்தக் கரையில் அலைகள் வருடத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. துறைமுகம் கட்டியபின் மெரினா அகலமானதும் இதே மணலால்தான். ஆற்றில் எதிர்த்துத் தள்ள வலுவில்லாதபோது அந்த மணல் வாயில் குறுக்கே படுத்துத் திட்டாகிவிடும்.

வாய் அடைத்தால் ஓதம் உள்ளே வராது, சேறு மூழ்கியபடியே கிடக்கும், நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண். அதனால் நடைக்கு முந்தின நாள் பக்கத்து மீனவர் குப்பத்தில் யாரையாவது கேட்டுவிடுவோம். அட்டவணையைவிட அவர்கள் சொல்வது சரியாக இருக்கும். சில வருடங்களில் பொக்லைன் வைத்து மணலை வெட்டித் திறந்துவிடுவதும் உண்டு.

எங்கே கூடுகிறோம், எவ்வளவு தூரம்?

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில், கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் அருகில். 1930-ல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டேனிஷ் மாலுமிக்கு எழுப்பியது அது. அங்கிருந்து வடக்கே, ஊரூர் ஆல்காட் குப்பத்துப் படகுகளைத் தாண்டி, மணலிலேயே ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர். மணலில் நடப்பதால் தார்ச்சாலையில் நடப்பதைவிடக் கால் வலிக்கும். போக முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், வழியிலும் நின்று நின்று பார்ப்போம்.

வாய்க்குப் பக்கத்தில் போனதும் கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே ஆற்றைப் பார்த்தபடி நிற்போம். காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவை மீது நேராக வெளிச்சம் விழும். எதிர்க்கரையில் தெரிவது சீனிவாசபுரம், இடது கைப்பக்கம் அடர்ந்து தெரியும் மரங்கள் தியோசாபிகல் சொசைட்டி வளாகம். 1882-லிருந்து அவர்கள் தலைமையிடம் அங்கேதான். அதற்குள் நுழைவது இந்த நடையில் கிடையாது, அது தனி அனுமதி.

உடைந்த பாலத்தின் மேல் ஏறலாமா?

கூடாது. ஆற்றுவாயருகே 1967-ல் கட்டி 1977-ல் வெள்ளத்தில் நடுப்பகுதி போன பாலம். சினிமாவில் பார்த்துவிட்டு ஏறிப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசையில் வருபவர்கள் நிறைய. கைப்பிடிச் சுவர் நம்பகமில்லை, போலீசாரும் விரட்டுவார்கள். அப்புறம் எங்கள் சொந்தக் காரணம் ஒன்று: மேலே ஆள் உருவம் தெரிந்தால் கீழே சேற்றில் மேயும் கூட்டம் மொத்தமாகக் கிளம்பிவிடும்.

நாற்றம் அடிக்குமா?

அடிக்கும். நகரத்தின் சாக்கடை இந்த ஆற்றில்தான் கலக்கிறது, அதை மறைத்து உங்களைக் கூப்பிட விருப்பமில்லை. கடல் காற்று அடிக்கும் காலையில் அவ்வளவாகத் தெரியாது, மேற்கிலிருந்து நிலக்காற்று வந்தால் தெரியும்.

"இவ்வளவு அழுக்கிலும் பறவை வருதுன்னா தண்ணி நல்லாத்தானே இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். அப்படி இல்லை. சாக்கடையோடு வரும் கழிவு சேற்றில் சில வகைப் புழுக்களைப் பெருக்கும், அந்தப் புழுக்களைத் தின்னப் பறவை வருகிறது. பறவை வருவதை ஆற்றுக்கு யாரோ கொடுத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவே பச்சைக்காலிப் பறவை ஒன்று மீன் துரத்துவதைப் பார்க்கும்போது மகிழ்வதா நொந்துகொள்வதா என்று எனக்கு இன்னும் புரிபடவில்லை.

எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, எப்படிப் பிரித்துச் சொல்கிறீர்கள்?

நிறத்தை மறந்துவிடுங்கள். முதலில் அது எப்படிச் சாப்பிடுகிறது என்று பாருங்கள்.

கொஞ்சம் ஓடி, சட்டென்று நின்று, குனிந்து ஒரு கொத்து, திரும்ப ஓட்டம் என்றால் அது உப்புக்கொத்தி. பெரிய கண், கட்டையான அலகு. கண்ணால் இரையைத் தேடும் பறவை, நின்று பார்த்தால்தான் அதற்குத் தெரியும். நிற்காமல் தலையைக் கவிழ்த்துத் தையல் மெஷின் ஊசி மாதிரிக் குத்திக்கொண்டே போனால் உள்ளான். உள்ளான்களுக்கு அலகே விரல், சேற்றுக்குள் தடவிப் பார்த்து இரையைக் கண்டுபிடிக்கும். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது அலகின் நீளம். அலகு எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழத்துச் சாப்பாடு. கொசு உள்ளான் சேற்றின் மேல்தோலை மட்டும் கொத்தும். பவளக்காலி இரண்டு விரற்கடை இறங்கும். கருவால் மூக்கன் முகம் வரை புதைத்துவிடும். கோட்டானுக்கு அரிவாள் மாதிரி வளைந்த அலகு, நண்டு வளைக்குள் விட்டுத் துழாவ வாகானது. ஒரே சேற்றில் இத்தனை இனம் சண்டையில்லாமல் மேய்வது இதனால்தான். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மாடி.

மூன்றாவதாகக் கால். இளஞ்சிவப்பில், பார்த்தால் ஒடிந்துவிடும் போல நீளமாக இருந்தால் நெடுங்கால் உள்ளான். ஆரஞ்சுச் சிவப்பு பவளக்காலி, மங்கிய பச்சை பச்சைக்காலி. நடக்கும்போது பின்பக்கத்தை விடாமல் ஆட்டிக்கொண்டே போகும் ஒற்றைப் பறவை சாதா உள்ளான், அதற்குக் கால்கூடப் பார்க்க வேண்டாம்.

கூழைக்கடா, சாம்பல் நாரை, சின்ன வெள்ளைக்கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, செம்பருந்து எல்லாம் எப்படியும் பார்த்துவிடுவீர்கள். ஒரு காலையில் முப்பது இனம் தேறினால் நல்ல காலை.

பெயர்களைத் தமிழில் சொல்வீர்களா, ஆங்கிலத்திலா?

இரண்டிலும். தமிழ்ப் பெயர்கள் அழகு, ஆனால் குழப்பமும் உண்டு. நெடுங்கால் உள்ளானுக்குப் பவளக்கால் உள்ளான் என்றும் ஒரு பெயர் இருக்கிறது. பவளக்காலி வேறு பறவை. கோட்டான் என்றால் பலருக்கு ஆந்தைதான் நினைவுக்கு வரும். பறவைப் பட்டியல்களில் அது வளைந்த அலகுள்ள கரைப்பறவைக்கும் பெயர். "ஆத்துல கோட்டான் நிக்குது" என்று நான் சொன்னதும் ஒரு அம்மா மரங்களின் பக்கம் பார்க்கத் தொடங்கியது இப்போதும் நினைவிருக்கிறது. கடற்கரையில் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டிய பெயர் ஆலா. ஆலா கூட்டமாக விழுந்தெழும் இடத்தில் மீன் இருக்கிறது என்று மீனவர்கள் படகைத் திருப்புவார்கள்.

பைனாகுலர் அவசியமா? எது வாங்கலாம்?

முதல் நடைக்கு வாங்காதீர்கள். எங்களிடம் மூன்று இருக்கின்றன, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பிடித்துப்போனால் 8×42 என்று கேட்டு வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு கிட்டே காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று விளம்பரம் செய்வதைக் கையில் பிடித்தால் நாடித்துடிப்புக்கே படம் ஆடும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் வைக்கும் பக்கத்து ரப்பரை உள்ளே திருகிவிட்டுப் பாருங்கள். இது தெரியாமலே வருடக்கணக்கில் கருப்பு வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

போனில் செயலி வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளுங்கள். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி இலவசம். ஆனால் பறவையின் ஒலியைப் போட்டுக் காட்டி அதை வரவழைக்க வேண்டாம். பார்த்த பட்டியலை நாங்கள் இ-பேர்ட் என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுகிறோம். பிப்ரவரி நடுவில் உலகம் முழுக்க நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், அந்த வாரக் கடைசியில் நடை அமைந்தால் நம் பட்டியலும் அதில் சேரும். ஒரு வேண்டுகோள்: எண்ணிக்கையைக் குத்துமதிப்பாகவாவது எழுதுங்கள். "இருந்தது" என்று மட்டும் எழுதினால் பத்து வருடம் கழித்துக் கூடியதா குறைந்ததா என்று யாருக்கும் சொல்ல முடியாது.

எவ்வளவு கிட்டே போகலாம்?

பறவை சொல்லும். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் அங்கேயே நில்லுங்கள். இரண்டடி ஓடினால் நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். பின்னால் வாருங்கள்.

படம் எடுப்பவர்களோடு எங்களுக்கு வருகிற ஒரே மனத்தாங்கல் இது. கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டுமென்று ஓடிப்போய்க் கிளப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அக்டோபரில் வந்து இறங்கிய பறவையைக் கிளப்பினால் அது இன்னொரு நாள் ஈடுகட்டிக்கொள்ளலாம். பங்குனியில் நாள் எண்ணிக்கொண்டிருக்கிற பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் சேர்த்த கொழுப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிற செலவு. நாய்களைப் பற்றியும் கேட்கிறார்கள். வீட்டு நாயை இந்த நடைக்கு அழைத்து வர வேண்டாம். கரையில் திரியும் நாய்களே போதும்.

மணலில் டிராக்டர் போன தடம் மாதிரி ஒன்று பார்த்தோம். அது என்ன?

ஆமை. பங்குனி ஆமை என்கிற ஆலிவ் ரிட்லி, ஜனவரியிலிருந்து மார்ச் வரை இரவில் இந்தக் கரையேறி முட்டையிடும். கடலிலிருந்து ஒரு தடம் ஏறி, கொஞ்சம் மணல் கலைந்து, இன்னொரு தடம் கடலுக்குத் திரும்பும். நாம் விடியற்காலையில் போகும் அதே மணலில் நமக்கு முன்பே ராத்திரி நடந்தவர்கள் இருக்கிறார்கள். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பினர் 1988-லிருந்து நீலாங்கரை தொடங்கி இந்தப் பக்கம் வரை நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். வனத்துறையும் செய்கிறது. தடத்தை மிதிக்காமல், தோண்டிப் பார்க்காமல் விலகி நடங்கள். முட்டையைத் தொடுவது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

செத்த ஆமைகளையும் பார்க்க நேரிடும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வலையில் மாட்டி மூச்சுவிட மேலே வர முடியாமல் இறப்பவை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. குழந்தைகளோடு வருபவர்கள் இதற்குத் தயாராக வாருங்கள்.

மணல் மேட்டின் மேல் ஏன் நடக்கக் கூடாது என்கிறீர்கள்?

எல்லாப் பறவையும் விருந்தாளி அல்ல. கரையோர மணலிலேயே குடும்பம் நடத்தும் சிறிய உப்புக்கொத்தி ஒன்று இருக்கிறது. நெடுங்காலம் அதைக் கெண்டிஷ் உப்புக்கொத்தி என்றே எழுதிவந்தார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நிரந்தரமாக வாழ்வது தனி இனம் என்று 2023-ல் பிரித்து, அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். கூடு என்று எதுவும் கட்டாது. மணலில் ஒரு சிறு குழி, அதில் இரண்டு மூன்று முட்டை, மணல் நிறத்திலேயே. காலடியில் இருந்தாலும் தெரியாது. விருந்தாளிகள் கிளம்பும் நேரத்தில்தான் இவற்றின் முட்டைக்காலம் தொடங்குகிறது. அதனால் ஈரமணலில், வரிசையாக ஒருவர் பின் ஒருவர். ஒரு குட்டிப் பறவை உங்கள் முன்னால் சிறகு ஒடிந்தது போல இழுத்து இழுத்து நடித்தால் முட்டை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதன் நடிப்பை நம்பிய மாதிரி காட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பூநாரை பார்க்க முடியுமா?

இங்கே எதிர்பார்க்காதீர்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போனால் சாலையோரத்திலிருந்தே பார்க்க வாய்ப்புண்டு. பெருங்கூட்டம் வேண்டுமென்றால் பழவேற்காடு அல்லது கோடியக்கரை.

பறவையின் காலில் கலர் பட்டை தெரிந்தால்?

குதிப்போம். அது யாரோ எங்கேயோ பிடித்து, குறியிட்டு விட்ட பறவை. எந்தக் காலில், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், எந்த நிறம் மேலே, எழுத்து ஏதாவது படிக்க முடிகிறதா என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள், தெளிவில்லாவிட்டாலும் ஒரு படம் எடுங்கள். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிட்டுவருகிறது. அவர்களுக்கு எழுதினால் அந்தப் பறவையின் ஜாதகம் கிடைக்கும்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. அதற்குக் கீழே என்றால் திரும்பி வரும்போது தூக்கிக்கொண்டு நடக்கத் தெம்பிருக்கிறதா என்று யோசித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகள் கண் கூர்மை. நான் கொசு உள்ளான் என்று அடித்துச் சொன்னதை "அங்கிள், இது நின்னு நின்னு ஓடுது" என்று திருத்திய பெண் இன்னும் வருகிறாள்.

ஆற்றில் இறங்கலாமா?

வேண்டவே வேண்டாம். வாய் திறந்திருக்கும்போது முழங்கால் தண்ணீர் போலத் தெரியும் இடத்தில் நீர் வடியும் வேகம் ஆளை இழுத்துவிடும். உள்பக்கச் சேற்றில் கால் வைத்தால் செருப்பு திரும்பி வராது. கண்ணாடித் துண்டும் தூண்டில் முள்ளும் கிடக்கும், வெறுங்காலோடு நடக்காதீர்கள். பழைய ஷூ நல்லது. தொப்பி, தண்ணீர், மங்கலான நிறத்தில் ஒரு சட்டை போதும். வெள்ளையும் பளீர் மஞ்சளும் தவிர்க்கலாம்.

குப்பத்து வழியாகப் போகும்போது?

அது அவர்கள் வீட்டு வாசல். அதிகாலையில் வலை பிரிக்கிறவர்களையும் மீன் ஏலம் விடுகிறவர்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். "என்னண்ணே, இன்னைக்கு என்ன பட்டுச்சு?" என்று கேட்டுவிட்டு நின்றால் போதும், பறவையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் எங்களைவிட அதிகம் சொல்வார்கள். திரும்பும் வழியில் மீன் வாங்குகிறவர்களும் எங்கள் கூட்டத்தில் உண்டு.

சித்திரையில் வந்தால் ஒன்றுமே இருக்காதா?

இருக்கும், ஆனால் அமைதியாக. ஏப்ரலில் நிறம் மாறிய கூட்டங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும், பெரும்பாலும் இரவில், யாரும் பார்க்காதபோது. நெடுங்கால் உள்ளான்கள் நிற்கும், அவற்றுக்கு இனிமேல்தான் கூடுகட்டும் காலம். கூர்ந்து பார்த்தால் சேற்றில் சில உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் சாம்பல் நிறம் மாறாமலே மேய்ந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் போன வருடம் வடக்கே பிறந்த குஞ்சுகள் அவை. இனம் பெருக்கும் வயது வராததால் முதல் கோடைக்கு ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிடுபவை. மே மாத வெயிலில், மற்றவர்கள் எல்லாம் போன பிறகு, காலியான சேற்றில் அவை மட்டும் ஓடி, நின்று, ஒரு கொத்து, திரும்ப ஓடிக்கொண்டிருக்கும்.